மாமா சிவிங்கி ஆன வருஷம்

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்த மறுநாள் புலியாட்டம். ஆத்தாவின் தம்பியான என் மாமாதான் ஊருக்குப் புலி. மற்ற நாளில் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலை ஓட்டுகிற மனுஷர். அன்றைக்கு மட்டும் பெரியவர்கள்கூட அவருக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். கோயிலில் திருநீறு வாங்கிவிட்டால், குளத்தில் சாயத்தைக் கழுவுகிறவரை புலி வாய் திறந்து பேசக் கூடாது. உறுமலாம், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் ஊர்த் தலைவரான அம்பலம் தன் கையால் புலியின் தலையில் சரிகைத் துண்டு கட்டுவார். எங்கள் வீட்டில் சரிகை என்று இருந்தது அந்தத் துண்டுகளில் மட்டும்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம் அது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். அதை நானும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை. வெல்லம் மடித்து வந்த காகிதத்தைக்கூடச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் ஆத்தாவிடம் கொடுப்பேன். மேலே படிக்க அரிமளம் போக வேண்டும். "படிச்சது போதும், ஆடு மேய்க்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் எங்கள் வீட்டில் பேச்சில்லை. நான் அழுவேன், ஆத்தா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள்.

அந்த வருஷம் மாமாவுக்கு வரிப்புலி அலுத்துவிட்டது. சிறுத்தையாக ஆடப்போவதாகச் சொன்னார். விடிந்ததும் வேப்பமரத்தடியில் இரண்டு கம்பை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிக்கும் கோயில் சுவருக்கும் வர்ணம் அடிக்கிற பக்கத்து ஊர் பெயிண்டர் அவர் உடம்பு முழுக்க மஞ்சள் பூசினார். அது காய்ந்ததும் கத்தரிக்காயைக் குறுக்கே வெட்டிக் கரிமையில் தோய்த்து, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒற்றிக்கொண்டே வந்தார். காய்கிறவரை மாமா உட்காரவும் கூடாது, எதிலும் சாயவும் கூடாது. தாகமெடுத்தால் ஆத்தா போய் அவர் வாயில் நீராகாரம் ஊற்றுவாள்.

நான் போய்ப் பார்த்தபோது வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது.

"இது சிறுத்தை இல்ல" என்றேன்.

"பெறகென்ன, பூனையா?" என்றார் பெயிண்டர்.

எங்கள் டீச்சர் வகுப்பில் படம் மாட்டிக் காட்டியிருந்தார். சிறுத்தைக்கு முழுப் புள்ளி கிடையாது. விரல்களைக் குவித்து மையில் தொட்டு வைத்ததுபோல வளையம் வளையமாக, நடுவில் மஞ்சள் தெரியும். ஜாகுவார் என்று வேறு தேசத்தில் ஒன்று உண்டு. அதற்கு வளையத்துக்குள்ளேயும் பொட்டு இருக்கும். முழுப் புள்ளி என்றால் அது சிவிங்கி, இங்கிலீஷில் சீட்டா. அதன் இரண்டு கண்ணிலிருந்தும் வாய்வரை கறுப்பாக ஒரு கோடு இறங்கும், அழுத முகம்போல. அத்தனையையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"கேட்டுக்கங்க. கத்திரிக்காயில குத்துனா சிவிங்கியாம், வெண்டிக்காயில குத்துனாத்தான் சிறுத்தையாம்" என்றார் பெயிண்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் அங்கேதான் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அந்தச் சிவிங்கி எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

"இப்ப நம்ம நாட்டுல இல்லப்பா. முன்னாடி ராசாக்க மான் வேட்டைக்கு வளத்தாங்களாம். அத்துப்போச்சுன்னு டீச்சர் சொன்னாங்க."

"இல்லாத மிருகத்தப் படிக்கவா அரிமளத்துக்குப் போகணுங்கிற?"

மாமாதான் கம்பை விடாமல் தலையை மட்டும் திருப்பினார்.

"இருக்கிறதப் பாத்தா நானே தெரிஞ்சுக்குவேன் மச்சான். இல்லாததத் தெரிஞ்சுக்கத்தான படிப்பு" என்றவர், பெயிண்டரிடம், "அந்தக் கோட்டப் போட்டு விடுங்க" என்றார்.

"தம்பி, அழுகுற புலிய ஊருக்குள்ள விட்டா சிரிப்பாய்ங்க."

"சிரிக்கட்டும். கோடு எங்கிட்டு ஆரம்பிக்குது தாயி? வந்து காட்டு."

உரலின் மேல் ஏறி நின்று அவர் கண்ணின் ஓரத்திலிருந்து வாய்வரை விரலால் இழுத்துக் காட்டினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

பெயிண்டர் சொன்னது பொய்க்கவில்லை. கொட்டுக்குப் பின்னால் பிள்ளைகள் "அழுகுற புலி, அழுகுற புலி" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். "யாருய்யா ஒன்னய அடிச்சது?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "பொண்ணு பாத்துட்டு வந்தியே, வேணாம்னுட்டாளா?" என்றாள். வீட்டுக்கு வீடு புலியின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் வீட்டிலேயே மாமா கையைத் தூக்கிக் கொட்டுச் சத்தத்தை நிறுத்தினார். புலி பேசியது.

"இது சிறுத்தை இல்லத்தா, சிவிங்கி. வளையமா இருந்தா சிறுத்தை. முழுப் புள்ளி, கண்ணுல கோடு, அது சிவிங்கி. எங்க அக்கா மக சொன்னது. படிச்ச புள்ள."

கொட்டுக்காரர்கள் திகைத்துப் போனார்கள். ஆத்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் எந்த வாசலையும் மாமா விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகளை, அதே வரிசையில் சொன்னார். கடைசித் தெருவுக்கு வருவதற்குள், "இந்தா, சிவிங்கி வருது" என்று ஜனங்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்தோடு அப்பாவும் வந்துகொண்டிருந்தார்.

கோயில் வாசலில் அம்பலம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார். "பேசுன புலிக்குத் துண்டு கட்ட முடியாதுப்பா. மாரியாத்தாளுக்கு ஆகாது" என்று அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "யாரு அந்தப் புள்ள?" என்று கேட்டார்.

"எம் மகதாங்க" என்றார் அப்பா. அந்தக் குரலில் அவர் என்னைப் பற்றி அதுவரை பேசியதில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பாவே என்னை அரிமளத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். அறிவு ஜெயித்துவிட்டது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். சிவிங்கியின் கோடு சரியாக இருந்ததால்தான் எல்லாம் சரியாயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த வருஷம் ஒருநாள் மாமா என்னைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் மியூசியம் காட்டினார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சடைத்துப் பாடம் செய்த மிருகம் ஒன்று நின்றது. உடம்பெல்லாம் வளையம் வளையமாக, நடுவில் மஞ்சள் தெரிய. மாமா பூரித்துப்போனார்.

"இங்க பாரு தாயி, நம்ம சிவிங்கி."

"ஐயோ மாமா, இது சிறுத்தை. வளையம் தெரியலையா?"

"அப்புடியா" என்று குனிந்து பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

ஊரெல்லாம் சொன்னவருக்கு அந்த வித்தியாசம் மட்டும் பிடிபடவே இல்லையே என்று, பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை எனக்கு அவர்மேல் வருத்தமாக இருந்தது.