நூற்றிருபதாவது நாள்

எங்கள் டென்னஸி மலைப்பக்கத்துப் பள்ளியில் வெர்லீன் ஹாட்மேக்கருக்கு இருபத்திரண்டு வருட வேலை. நாலாம் வகுப்புக் கணக்கு. பக்கத்து அறையில் பாடம் எடுப்பது நான். ஒரு அதட்டல் போட்டால் நடைபாதையே அடங்கும். ஆனாலும் பிள்ளைகள் அவளைத்தான் ஒட்டிக்கொண்டு திரியும்.

இதெல்லாம் டீச்சர்களை எடைபோடும் கல்வித்துறைக் கணினிக்கு எங்கே தெரியும்? எந்தப் பிள்ளை இந்த வருடம் எவ்வளவு மதிப்பெண் வாங்க வேண்டும் என்று அதுவே முன்கூட்டிக் கணித்துவைக்கும். பிள்ளைகள் அதைத் தாண்டினால் டீச்சர் கெட்டிக்காரி, தாண்டாவிட்டால் உதவாக்கரை. ஐந்துக்கு இத்தனை என்று ஒரு எண். வெர்லீனுக்கு இரண்டு வருடமாக ஒன்றுதான். இந்த முறையும் ஒன்று வந்தால் வேலை போய்விடும்.

தேர்வன்று காலை தலைமையாசிரியர் லோவெட் அவள் அறைக்கு வந்தார். நான் விடைத்தாள் வாங்க அங்கே நின்றிருந்தேன். வருடத்தில் குறைந்தது நூற்றிருபது நாள் பள்ளிக்கு வராத பிள்ளையின் மதிப்பெண் டீச்சர் தலையில் விழாது. வெர்லீன் வகுப்பில் டெஸ்ஸா என்ற பெண் முந்தைய நாள்வரை வந்திருந்தது நூற்றுப்பத்தொன்பது நாள். அம்மா படுக்கையில்; தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிடுவாள். கணக்கில் ரொம்பப் பின்தங்கியிருந்தாள்.

"பஸ் வந்துடுச்சு, அவ வரலை," என்றார் லோவெட். "வரலைன்னே போட்டு அனுப்பிடுங்க, மிஸ் வெர்லீன். அப்புறம் வந்தா நூலகத்துல உக்கார வச்சுக்கறேன்."

வெர்லீன் கணினியில் வருகைப் பதிவைத் திறந்தாள். அப்போது கதவு திறந்தது. டெஸ்ஸா. முழங்கால்வரை சேறு.

"பஸ்ஸ விட்டுட்டேன் மிஸ். நீங்க நேத்து போன்ல கண்டிப்பா வரணும்னு சொன்னீங்கல்ல, அதான் நடந்தே வந்துட்டேன்."

இந்த அசடு வெர்லீன் தானே போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறாள்! லோவெட் குரலைத் தாழ்த்தி, இன்னும் அனுப்பவில்லையே என்றார்.

"ரெண்டு மைல் நடந்து வந்திருக்கு சார். வரலைன்னு போட எனக்குக் கை வராது," என்றாள் வெர்லீன். வந்தாள் என்று பதிந்து, டெஸ்ஸாவை அவள் இடத்தில் உட்கார வைத்தாள்.

கோடையில் எண் வந்தது. ஒன்று. வெர்லீன் தன் பொருட்களை இரண்டு பெட்டிகளில் கட்டினாள். காருக்குத் தூக்கிப்போனது நான்தான். உன் எண் என்ன என்று கேட்டாள். போன வருடம்போலவே நாலு என்றேன். உனக்குத் தகும் என்று மனதாரச் சொன்னாள்.

முந்தைய வருடத் தேர்வன்று அதேபோல் ஒரு நாள் குறைந்த என் வகுப்புப் பெண் ஒருத்தியும் பஸ்ஸைத் தவறவிட்டு வந்தாள். லோவெட் இதே யோசனையைத்தான் சொன்னார்; எனக்குக் கை வந்தது. சீவிய பென்சில்களைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவேன் என்று அவள் மதியம்வரை நூலகத்தில் காத்திருந்தாள்.