ஆடி பிறக்க முன்னம்

யோகராசாவை நான் முதன்முதலில் சந்தித்தது 2025 யூன் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. என்னுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இத்தாலியில் தங்கும் அனுமதி, முடிகிற தறுவாயில் இருந்தது. சிசிலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதியில் லோயர் யோகராசா என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள், படிவமெல்லாம் அவரே நிரப்பித் தருவார் என்று சொல்லி அனுப்பினார்கள். லோயர் என்றதும் நான் நினைத்துக்கொண்டு போன ஆள் வேறு. கதவைத் திறந்தவர் அறுபது வயதுக்காரர். இடுப்பில் சாரம், வெறும் மேல், கையில் வெங்காயம் வெட்டின கத்தி. என் படிவத்தை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"தம்பி படிச்சனீரோ?"

எங்கள் ஊரில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான்தான் என்பதைக் கேட்காமலேயே சொன்னேன்.

"அப்ப இங்கிலீசு வரும். இதை வாசியும்."

அவர் நீட்டியது இரண்டு நாளைக்கு முன் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. நூறு பக்கத்துக்கு மேல், அச்செடுத்துக் கிளிப் போட்டு வைத்திருந்தார். வெங்காயத் தோலை ஒதுக்கிவிட்டு அந்த மேசையிலேயே இருந்து வாசித்தேன். கதையில் பாதியை அன்று அவர் வாயாலேயே கேட்டேன். மிச்சம் பின்னால் வந்த மாதங்களில் தெரிய வந்தது.

யோகராசா லோயருமில்லை, லோயரின் கிளாக்கருமில்லை. வியா மக்வேதா என்ற தெருவில், ஓய்வுபெற்ற ஒரு சட்டத்தரணியின் வீட்டில் இருபத்தாறு வருடமாகக் கூட்டித் துடைத்துச் சமைக்கிறவர். அந்த மனிதரை அவர் அவ்வொக்காத்தோ என்றுதான் கூப்பிடுவார். இத்தாலியில் வக்கீலுக்கு அதுதான் மரியாதை. அவ்வொக்காத்தோ கோப்பி குடித்தபடி சட்டம் கதைப்பார், இவர் அலுமாரி துடைத்தபடி கேட்பார். கேட்டுக் கேட்டே கடதாசி விஷயத்தில் ஆள் மன்னனாகிவிட்டார். ஒரு தவணை பிந்தியது கிடையாது, ஒரு படிவத்தில் பொய் எழுதியது கிடையாது. அந்த ஒழுங்குதான் மகளைக் கவிழ்த்தது.

மகள் சிவதர்சினி பலெர்மோவில் பிறந்தவள். பிறந்ததால் மட்டும் இந்த நாடு யாரையும் தன் பிள்ளையாக எடுத்துக்கொள்ளாது. பதினெட்டு வயதுவரை இடைவெளியில்லாமல் பதிவோடு வாழ்ந்திருக்க வேண்டும், பிறகு ஒரு வருடத்துக்குள் போய்க் கேட்க வேண்டும். 2010 இல் அவள் பெரியபிள்ளையானாள். இலங்கையில் சண்டை முடிந்து ஒரு வருடம். சடங்கை ஊரில்தான் செய்ய வேண்டும் என்று சொந்தம் முழுக்க ஒற்றைக்காலில் நின்றது. கொண்டுபோனார்கள். ஆராத்தி, வீடியோ, நாலு சேலை மாற்றல், எல்லாம் நடந்தது. முடிந்த கையோடு, பிள்ளை தமிழ் எழுதப் பழகட்டும் என்று மாமன் வீட்டில் பதினொரு மாதம் விட்டுவிட்டு வந்தார்கள். வேறு யாருமென்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். யோகராசா மட்டும் பலெர்மோ திரும்பிய கிழமையே அலுவலகத்துக்குப் போய், மகள் இப்போது இங்கே இல்லை என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்துப் பதிவை நீக்குவித்தார்.

பதினெட்டு வயதில் பிரசாவுரிமை கேட்கப் போனபோது அந்தப் பதினொரு மாதமும் பதிவில் ஓட்டையாக நின்றது. சிசிலிக்காரியைப் போல் இத்தாலியன் கதைக்கிற பிள்ளை வெளிநாட்டுக்காரியாகவே வீட்டுக்குத் திரும்பினாள்.

"நீங்கள் போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் ஆருக்கும் தெரிஞ்சிராது அப்பா" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். யோகராசாவுக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு அவள் கஜானனைக் கட்டி டெக்சாசுக்குப் போனாள். கஜானன் அங்கே வேலை விசாவில் இருந்தான். 2025 ஓகஸ்ட் இருபதாம் திகதியளவில் குழந்தை என்று சொன்னார்கள். அமெரிக்கா மண்ணைப் பார்க்கிற நாடு, அங்கே பிறந்தால் அந்த நாட்டுப் பிரசை. முந்தி அடிமைகளாய் இருந்தவர்களின் பிள்ளைகளைப் பார்த்து, நீ இந்த நாட்டான் இல்லை என்று இனி எவனும் சொல்லக்கூடாது என்பதற்காக அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த வரி அது என்று அவ்வொக்காத்தோ விளக்கியிருந்தார். மகளுக்குத் தன் கையால் போனது பேரப்பிள்ளைக்கு மண்ணாலே கிடைக்கப்போகிறது என்று யோகராசா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அந்த வருடம் தை மாதத்தில் அமெரிக்காவின் புதிய ஜனாதிபதி பதவியேற்ற அன்றே ஓர் ஆணை எழுதினார். தற்காலிக விசாவில் இருக்கிறவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை இல்லை. மூன்று நாளில் ஒரு நீதிபதி நிப்பாட்டினார், பிறகு இன்னும் சிலர் நிப்பாட்டினார்கள். யோகராசா அசையவில்லை. "அவர் எழுதுவார், இவை வெட்டுவினம். அது நாடு" என்றார்.

யூன் எட்டாம் ஒன்பதாம் திகதிகளில் இத்தாலியிலும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பிரசாவுரிமை கேட்பதற்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பதை ஐந்தாகக் குறைக்கலாமா என்று சனத்திடம் கேட்டார்கள். பாதிப்பேராவது வந்தால்தான் அது செல்லும். அந்த ஞாயிறு அவ்வொக்காத்தோ ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்குக் கணவாய் மீன் சாப்பிடப் போனார். போட்டுக்கொண்டு போன சேட்டை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக் கொடுத்ததே யோகராசாதான். மறுநாள் கேட்டார்:

"அவ்வொக்காத்தோ, வாக்குப் போடப் போகேல்லையோ?"

"போகாமல் விடுறதும் ஒரு வாக்குத்தான், யோகா."

இருபத்தாறு வருடமாகச் சட்டம் சொல்லித்தந்த வாய். அந்த வாயில் அன்று கணவாய் மணந்தது என்று யோகராசா என்னிடம் சொன்னபோது முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

வாக்கெடுப்பு ஆள் போதாமல் செல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் அந்தத் தீர்ப்பு. யூன் இருபத்தேழு, இங்கே பின்னேரம் நாலு மணி. இரண்டு நாள் கழித்து அந்த மேசையில் வாசித்து முடித்த என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப பிள்ளை பிரசையோ, இல்லையோ?"

"அதைத் தீர்ப்பிலை சொல்லேல்லை அண்ணை. ஒரு மாவட்ட நீதிபதி முழு நாட்டுக்கும் சேர்த்து ஆணையை நிப்பாட்டேலுமோ எண்டதுதான் வழக்கு. ஏலாது எண்டிருக்கினம். வழக்குப் போட்ட ஆக்களுக்குத்தான் தடையாம். முப்பது நாளிலை ஆணை நடைமுறைக்கு வரலாம்."

"நூறு பக்கத்திலையும் பிள்ளையைப் பற்றி ஒண்டுமில்லையோ?"

"எதிர்த்து எழுதின நீதிபதிமார், பிள்ளை பிரசைதான் எண்டு சொல்லியிருக்கினம். ஆனால் அவையின்ரை எழுத்து தீர்ப்பாகாது."

"தூ" என்றார். "வெங்காயத்தை உரிச்சாலும் கடைசியிலை கறிக்காவது உதவும்."

ஆணைக்கு எதிராக வழக்குப் போட்டவை இருபத்திரண்டு மாநிலங்கள். நியூ ஜேர்சி போட்டது, டெக்சாஸ் போடவில்லை. ஒரே தாய், ஒரே வயிறு, ஒரே நாடு. ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தால் அந்நியன், அந்தப் பக்கம் பிறந்தால் பிரசை. ஜனாதிபதியின் கட்சிக்காரன் ஆண்ட மாநிலம் பேசாமல் இருந்தது, எதிர்க்கட்சிக்காரன் ஆண்டது கோர்ட்டுக்குப் போனது. கறுப்பு அங்கி போட்ட ஒன்பது பேர் இதைத் தீர்க்காமல் எழும்பிப் போய்விட்டார்கள். கஜானனின் தமக்கை நியூ ஜேர்சியில் இருக்கிறாள், மகளை அங்கே மாற்றவேண்டும் என்று யோகராசா அன்றே முடிவெடுத்துவிட்டார்.

யூலை பத்தாம் திகதி இன்னொரு நீதிபதி வேறு வழி கண்டுபிடித்தார். இப்படிப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே கூட்டமாக எடுத்து, திரும்பவும் முழு நாட்டுக்கும் ஆணையை நிப்பாட்டினார். ஆனால் அரசாங்கம் மேல்முறையீடு செய்ய ஏழு நாள் அவகாசம் கொடுத்தார். யோகராசா சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஏழு நாளை விரல் வைத்து எண்ணினார். விரல் நின்ற இடம் யூலை பதினேழு, ஆடி முதலாம் திகதி.

அடுத்த நாள் மனைவி பரமேஸ்வரி போனை மேசையில் வைக்க, நாலு பேரும் கதைத்தார்கள்.

"பொறுத்துப் பாப்பம் அப்பா" என்றாள் சிவதர்சினி. "நீளப் பயணம் ஒண்டும் வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவ."

"பொறுத்து? பதினேழாம் திகதி மேல்கோர்ட்டு வெட்டினால் என்ன செய்வாய்? ஆடிக்குள்ளை வயித்தோடை வீடு மாறுவியோ?"

"ஆடியிலை குடிபெயரக் கூடாது பிள்ளை" என்றாள் பரமேஸ்வரி. "முதல் பிள்ளை வேறை."

"மாமா, கோர்ட்டுக்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் கஜானன்.

"ஒரு சம்பந்தமும் இல்லைத் தம்பி. ரெண்டும் எங்களைக் கேட்டு வாறேல்லை. அதாலைதான் ரெண்டுக்கும் முன்னம் வெளிக்கிடச் சொல்லுறன்."

மகள் பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியாக யோகராசா இத்தனை வருடமாக வாயில் அடக்கி வைத்திருந்ததை எடுத்தார்.

"ஒருக்கா என்ரை பிழையாலை உனக்குப் போச்சு. உன்ரை பிள்ளைக்கும் போக விடமாட்டன்."

மகள் "சரி, திங்கட்கிழமை வெளிக்கிடுறம்" என்றாள். அது சம்மதமில்லை, களைப்பு என்று பரமேஸ்வரிக்கு விளங்கியது. யோகராசாவுக்கு விளங்கவில்லை.

விமானத்தைவிடக் கார் நல்லது, நினைத்த இடத்தில் நிப்பாட்டலாம் என்று காரில் புறப்பட்டார்கள். முதல் நாள் பத்து மணித்தியாலம் ஓடி ஒரு விடுதியில் தங்கினார்கள். செவ்வாய்க்கிழமை வெளிக்கிட முதலே அவளுக்கு இடுப்பு உளையத் தொடங்கியது. கொஞ்சத் தூரத்தில் பன்னீர்க்குடம் உடைந்தது. கஜானன் பெருந்தெருவை விட்டு இறங்கி, முதலில் கண்ட சிறுநகரத்து ஆசுப்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

பலெர்மோவில் அப்போது பின்னேரம். யோகராசா அவ்வொக்காத்தோ வீட்டு விறாந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"மாமா, பிள்ளை பிறந்திட்டுது. அஞ்சு கிழமை முந்தியாம். மூச்செடுக்கக் கஷ்டப்படுது, கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம்."

"எந்த மாநிலம்?" என்றார் யோகராசா.

"மாமா, பிள்ளை..." என்று கஜானன் திரும்பவும் தொடங்கினான்.

"தம்பி, எந்த மாநிலத்திலை நிக்கிறியள்?"

"டென்னசி."

"அது வழக்குப் போட்டதோ?"

இந்தத் தடவை வந்தது மகளின் குரல். "ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு கேக்கேல்லை அப்பா. இருக்குதோ எண்டும் கேக்கேல்லை." போன் வைக்கப்பட்டது.

டென்னசி வழக்குப் போடாத மாநிலம். ஆனால் பதினேழாம் திகதி வந்தபோது எதுவும் நடக்கவில்லை. அரசாங்கம் அந்த ஏழு நாளுக்குள் தடையை உடைக்கவில்லை, நீதிபதியின் உத்தரவு முழு நாட்டுக்கும் நின்றது. டெக்சாசில் சொந்தக் கட்டிலில் படுத்திருந்து பெற்றிருந்தாலும் அதே பிறப்புச் சான்றிதழ்தான் வந்திருக்கும். குழந்தை பதினெட்டு நாள் பெட்டிக்குள் கிடந்தது.

அவ்வொக்காத்தோ செய்தி வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். "யோகா, இந்த வழக்கு இனித்தான் சுவாரசியமாகப் போகப்போகுது, இரு, சொல்லுறன்."

யோகராசா வாளியைக் கீழே வைத்தார். "உங்கடை வீட்டைத் துடைக்கிறன், அவ்வொக்காத்தோ. சட்டம் மட்டும் இனி எனக்குச் சொல்லாதேங்கோ."

அந்த நூறு பக்கத்தையும் நாலாகக் கிழித்து மீன் கழிவோடு கட்டிப் போட்டுவிட்டார் என்று பரமேஸ்வரி அக்கா சொன்னா. அமெரிக்காவில் அருவருப்பா, ஆடியில் அருவருப்பா, தன் வாயில் அருவருப்பா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்.

இதை எழுதும்போது 2026 தொடக்கம். பிரசாவுரிமை வழக்கின் மூலக் கேள்வியை இப்போதுதான் உச்ச நீதிமன்றம் கையில் எடுத்திருக்கிறது, தீர்ப்பு இன்னும் வரவில்லை. குழந்தைக்குச் சிவானுஜா என்று பெயர், சுகமாக டெக்சாசில் தாய் தகப்பனோடு இருக்கிறாள். சிவதர்சினி ஞாயிறுகளில் தாயோடு கதைக்கிறாள், தகப்பனோடு கதைப்பதில்லை. யோகராசா சீசாவில் அதே வீட்டில் இருக்கிறார், வியா மக்வேதாவுக்கு வேலைக்குப் போய் வருகிறார். பேத்தியை மனைவியின் போனில் மட்டும் பார்த்திருக்கிறார்.