கடல் வராத நாளில் ஓடியவர்கள்

போன வாரம் ஒரு மத்தியானம். ராமநாதபுரத்தில் என் வீட்டு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி நஸ்ரின் போன் பண்ணினாள். அக்காவை எங்கள் பக்கம் லாத்தா என்போம்.

"லாத்தா, கடல் வருதாம். நாங்க கெளம்பிட்டோம்."

கிளம்பிட்டீங்களா? இவளுக்கு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கீழக்கரையில் உம்மா வீட்டு மாடியில் அசையாமல் படுத்திருக்க வேண்டியவள்!

விஷயம் இதுதான். அன்று காலை சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நிலநடுக்கம். மிதமானதுதான். அங்கே பூமியின் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருப்பதால் அடிக்கடி இப்படி ஆடும். 'சுனாமி ஆபத்து இல்லை' என்று அரசுத் தரப்பில் உடனே சொல்லிவிட்டார்கள். ஆனால், டிவியில் அந்த வரி கீழே பொடி எழுத்தில் ஓடியது. மேலே? பழைய சுனாமிக் காட்சி, அதிரடி மியூசிக், 'ராமேஸ்வரத்துக்கு ஆபத்தா?' என்று கொட்டை எழுத்து. கேள்விக்குறி போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் போல...

அந்தக் கேள்வி துபாய் வரைக்கும் போய், உத்தரவாகத் திரும்பி வந்தது. அனுப்பியவர் நஸ்ரினின் கணவர் ஃபாரூக். அங்கே ஒரு குடோனில் வேலை.

"பிள்ளைய தூக்கிட்டு ஒடனே கெளம்பு. ராமநாதபுரத்துல லாத்தா வீடெல்லாம் பத்தாது. ஆர்.எஸ்.மங்கலத்துல எங்க மாமா வீட்டுக்குப் போயிரு."

ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கேயும் கடல்தான் இருக்கிறது என்று இந்த மனுஷனுக்கு யார் சொல்வது?

ஃபாரூக்கைக் கூப்பிட்டேன் – பிஸி. நஸ்ரினைக் கூப்பிட்டேன் – பிஸி. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்! அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

கீழக்கரை ரோடு முழுக்க எனக்கு எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. வேன், ஆட்டோ, பைக். ஒரு பைக்கில் மடியில் மிக்ஸியை வைத்துக்கொண்டு ஓர் அம்மா. "எந்த ஊருல கடல் ஏறிருக்கு?" என்று நிறுத்திக் கேட்டேன். "தெரியலம்மா. எல்லாரும் போறாக, நாங்களும் போறோம்."

திருப்புல்லாணி விலக்கு டீக்கடை முன்னால் அவர்கள் ஆட்டோ நின்றது. நஸ்ரின் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. உம்மா கையில் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"ஆட்டோ பள்ளத்துல எறங்கி ஏறிச்சு லாத்தா. தையல் போட்ட எடம் ஈரமா இருக்கு..."

வந்த கோபத்துக்கு அவளைத் திட்டுவதா, தூக்குவதா? அதற்குள் டீக்கடைக்கார அம்மா வந்து அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். வாசலில் ஒரு சேலையைக் கட்டி மறைத்தார்.

"மொதல்ல பிள்ளைக்குப் பாலக் குடு தாயி. கடல் வந்தா நாஞ் சொல்றேன்."

பிள்ளையின் அழுகை நின்றது. அந்த நேரம் பார்த்து ஃபாரூக் போன். நஸ்ரின் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"தம்பி, உங்களுக்கு அறிவிருக்கா? தையல் போட்ட பொம்பளைய, பத்திரமா மாடில இருந்தவள எறக்கி ரோட்டுல விட்டிருக்கீங்க! எச்சரிக்கை இல்லைன்னு சொல்லிருக்காகளே, அதப் படிச்சீங்களா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நா எம்பிள்ளைய இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல லாத்தா. போன்லதான் பாத்திருக்கேன். கடல்னு கேட்டதும்... இங்கன இருந்துக்கிட்டு நா வேற என்ன செய்ய?"

"பிள்ள இப்ப பால் குடிக்குது தம்பி" என்றேன். அதற்காகக் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. அவர் மேல் இருந்தது அந்தக் கொட்டை எழுத்துக்காரர்கள் மேல் போனது. நிஜமாகவே எச்சரிக்கை வரும் நாளில், 'அன்னைக்கும் இப்பிடித்தான் சொன்னாக' என்று இதே ஜனம் வீட்டில் படுத்துக்கிடந்தால் யார் பொறுப்பு?

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது.

"சுனாமி வந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"இது வந்திருக்கு, பாரு" என்று காயத்தைக் காட்டினார். திரும்பத் தையல் போட்டு, அசையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

நஸ்ரின் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். காயம் ஆறி வருகிறது. நேற்று ஃபாரூக் போன் பண்ணினார். குரலில் ஏக தயக்கம்.

"லாத்தா, டிவில புயல்னு என்னமோ சொல்றாக. நஸ்ரினுக்கு அனுப்பவா, வேணாமா?"

"என்கிட்டயே சொல்லுங்க தம்பி. பிள்ள இப்பத்தான் தூங்குது."