ஆபீசருக்குப் பிடித்துக் கொடுத்த தண்ணீர்

இன்று காலை மனைவி கீரையை மூன்றாம் முறையாக அலசிக்கொண்டிருந்தாள். "எந்தச் சாக்கடையில வெளஞ்சுதோ!" என்று முணுமுணுப்பு வேறு. அலசினால் போகிற சங்கதியா அது? வேர் உறிஞ்சிவிட்ட ஈயம் குழாய்த் தண்ணீருக்கா பயப்படும்? சொன்னால் எனக்குத்தான் திட்டு விழும்.

பச்சைக் கீரை வாசனை வந்தாலே எனக்குச் செபஸ்தியம்மாள் ஞாபகம்தான். மண் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நீடாமங்கலம் பக்கத்தில் முலாம் பூசும் பட்டறை ஒன்று, கழிவையெல்லாம் பாசன வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தது. முதலாளி மகா கெட்டிக்காரர். ஆட்சி மாறினால் அவர் வேட்டிக் கரையும் மாறிவிடும், கழிவு மட்டும் மாறாது. ஊரார் மனுப் போட்டுப் போட்டு ஓய்ந்தபோது, மாதிரி எடுத்துவர என்னை அனுப்பினார்கள்.

வாய்க்காலை ஒட்டிய முதல் நிலம் செபஸ்தியம்மாளுடையது. ஏக்கரில் மூன்றிலொரு பங்கு, அவ்வளவுதான். பண்ணையில் கூலிக்கு நடவு நட்டவர், கொடி பிடித்து, அடிபட்டு, ஸ்டேஷனில் கிடந்து வாங்கிய பட்டா அது. "நீங்க ஏன் சார் சேத்துல எறங்குறீங்க? நான் புடிச்சிட்டு வர்றேன்" என்று பாட்டிலையும் பையையும் வாங்கிக்கொண்டு போனார். நான் துரை மாதிரி பூவரசு நிழலில் உட்கார்ந்து அவர் கொடுத்த மோரைக் குடித்தேன். மடையன்!

முடிவு வந்தது. எல்லாம் சுத்தம். கையெழுத்தும் போட்டுத் தொலைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, பச்சையாக ஓடுகிற தண்ணீர் எப்படிச் சுத்தமாகும்? பஸ் பிடித்து ஓடினேன்.

"அது தெருவு அடிபம்புத் தண்ணி சார். மண்ணும் கீரையும் பம்படியில எடுத்தது" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

"ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?"

"நெலம் கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டா பட்டாவப் புடுங்கிட மாட்டாங்களா?"

"யாரும்மா புடுங்குவா?" என்று கத்தினேன். எனக்கு வந்த எரிச்சல் அப்படி.

"குடுத்தவங்கதான்."

ஆபீசுக்குத் திரும்பி, மறுபடி மாதிரி எடுக்கிறேன் என்று கெஞ்சினால், "ஒரு மனுவுக்கு ஒரு தடவதான்யா" என்று மேலதிகாரி கோப்பைக் கட்டிவிட்டார். பட்டறை முதலாளியோ என் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டினார்!

உண்மையைச் சொன்ன அன்று நான் கிளம்பும்போது செபஸ்தியம்மாள் ஒரு கட்டுக் கீரை கொடுத்தார். "பம்படிக் கீரைதான், பயப்படாம சாப்பிடுங்க." அவர் முறத்தில் ராத்திரிக்கு ஆய்ந்து வைத்திருந்தது வாய்க்கால் கீரை. பார்த்தேன். "எங்களுக்கு ஒண்ணும் செய்யாது சார்" என்றார். நான் என் கட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது பட்டறை இல்லை. வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டாயிற்று. செபஸ்தியம்மாளும் போய்விட்டார். பட்டாவை யாரும் பிடுங்கவே இல்லை. கடைசிவரை அந்த மண்ணில் விளைந்ததைத்தான் சாப்பிட்டார்.