திரையில் வளைந்த கூரை

இன்று அந்தோணி அண்ணன் ஆபீசுக்கு வந்திருந்தார். செம்பட்டி ரோட்டில் தையல் ஷெட் போடுகிறார். அதன் கூரையைத் தாங்கும் இரும்பு ட்ரஸ்ஸை வடிவமைப்பது நான்.

ட்ரஸ்ஸில் எந்தக் குழாய் இழுபடுகிறது, எது அமுங்குகிறது என்று நிறம் நிறமாகக் காட்டும் மென்பொருளை ஆசையாகத் திறந்தேன். கூரைத் தகரத்தின் எடையை ஏற்றியதும் திரையில் ட்ரஸ் தூளி மாதிரி தொங்கியது.

அண்ணன் எழுந்தே விட்டார். "ஏம்மா, இம்புட்டு வளையுது! கீழ பொம்பளப் பிள்ளைக உக்காந்து தைக்கப் போகுதுக."

"இல்லண்ணே, கண்ணுக்குத் தெரியணும்னு அதுவா பெருசாக்கிக் காட்டுது. நிசத்துல ஒரு நூல் அளவுதான் இறங்கும்."

உண்மை அளவுக்கு மாற்றினேன். ட்ரஸ் நேராக நின்றது. அவர் முகம் இன்னும் கறுத்தது.

"நான் பயந்துட்டேன்னு நிமித்திட்டீங்களாக்கும்?"

சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. ஒரு பொத்தானைத் தட்டியதும் நிமிர்கிற கூரையை நானும்தான் நம்பியிருக்க மாட்டேன்.

சற்று யோசித்தவர் கேட்டார். "கம்ப்யூட்டர விடுங்க. கூரை ஏத்துனதும், பிள்ளைக வர்றதுக்கு முன்னாடி, நீங்க வந்து அதுக்குக் கீழ செத்த நேரம் உக்காருவீங்களா?"

"தாராளமா உக்கார்றேண்ணே."

"அப்பச் சரி. வேலைய ஆரம்பிச்சிருவோம்."

தனியாக உட்கார்ந்தால் பொழுது போகாது. துணைக்கு யார் வருகிறீர்கள்? வர மறுப்பவர்கள் தயவுசெய்து காரணத்தை மட்டும் அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள்.