டாலர் ரேட் பார்க்க வாங்கிய டிவி

மங்கலம் சாலையில் இரண்டு தையல் மெஷினோடு பனியன் கம்பெனி தொடங்கினேன். பிறகு துணி வெட்டும் கட்டிங் பிரிவு வைத்தேன், சொந்தக் கட்டடம் எழுப்பினேன், ஏற்றுமதிக்கும் போனேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுப் பையரிடம் துணியைத் தடவிக் காட்டியே ஆர்டர் பிடித்தேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த சமயம். டாலர் ரேட் பார்க்க ஆபீஸில் ஒரு டிவி வாங்கி வைத்திருந்தோம். ஆபீஸைக் கவனித்தவர் என் மனைவியின் தம்பி; படித்தவர். ரேட் பார்க்க உட்கார்ந்தவர், நாள் முழுக்கச் செய்தியே பார்க்கலானார். அங்கே ஒரு கடை மூடியதைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அவருக்கோ ஒவ்வொரு முறையும் இன்னொரு கடை மூடியதாகப் படும். டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்பியது. நெஞ்சு படபடக்கிறது என்றார். இதயத்தில் குறையில்லை, மனதுக்குத்தான் ஓய்வு வேண்டும், யோகா வகுப்புக்குப் போங்கள் என்றார் டாக்டர்.

ஒரு காலை கட்டிங் மாஸ்டர் ஓடி வந்தார். "துணி விரிச்சாச்சுங்க. வெட்ட வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாருங்க."

அன்று வெட்டாவிட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது. ஆபீஸுக்குப் போனேன்.

"பையர் நிறுத்தச் சொன்னாரா மாப்ளே?"

"இல்லீங்க மாமா. டிவில..."

"டிவிக்காரனுக்கா பனியன் தைக்கிறோம்?"

"வெட்டுன பொறவு வேண்டாம்னுட்டா? ஒட்ட வெக்க முடியுங்களா?"

அதட்டிப் பயனில்லை. வயரைப் பிடுங்கி டிவியைத் தூக்கினேன்.

"ரேட்டு தெரியாம எப்படீங்க?"

"பேங்க்ல கேட்டு நான் சொல்றேன். காத்தால ஒருக்கா. ரேட்டு மட்டும். அமெரிக்காக்காரன் அழுதானான்னு கேக்கப்படாது."

டிவியோடு வெளியே வந்தபோது, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களில் ஒருத்தி, "ஏனுங்க, அதை இங்க வெச்சா நாங்க பாட்டாச்சும் பாப்பமுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் பின்னாலேயே வந்த அவரும்தான்.

பையருக்கு அவரையே போன் பேச வைத்தேன். சரக்கு வேண்டும் என்றார்கள். துணி வெட்டும் கத்தி ஓடியது, சரக்கும் கப்பலேறியது. பின்னால் வேறொரு ஆர்டர் ரத்தானது நிஜம்தான். அதைப் பையர் வாயாலேயே கேட்டோம், தாங்கினோம். அதற்குள் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்க ஆரம்பித்திருந்தார்.

அடுத்த ஆயுத பூஜையன்று கம்பெனியில் பேசியவர், தன்னைத் தேற்றியதற்கு டாக்டருக்கும் யோகா வகுப்புக்கும் நன்றி சொன்னார். அவர்கள் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் பேங்க் போனோடு மல்லுக்கட்டி, கெட்ட செய்தியை வாசலிலேயே நிறுத்தி, ரேட்டை மட்டும் உள்ளே கொண்டுபோனவன் நான். அதை அவர் சொல்லியாக வேண்டும். என் காதில் அல்ல. மைக்கில், அத்தனை தொழிலாளர் முன்னாலும்.