அண்ணனின் கேடயமும் அதன் மறுபாதியும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. தோட்டத்தில் அவர் எழுப்பிய நினைவுக் கல்லில் திராட்சைக் கொத்தின் அருகே நரி ஏன் நிற்கிறது என வினவிய உற்றார் யாவர்க்கும் இக்கட்டுரை விடையாகுக.

அண்ணன் பிறந்தது கம்பத்தில். தந்தையாரை இளமையிலேயே இழந்து, தம் கல்வியை விடுத்துத் திராட்சைப் பந்தலின்கீழ் நின்றார். ஆலங்கட்டி மழை ஒரு பருவத்தை முற்றாக அழித்தபோதும் எங்கள் படிப்பை நிறுத்தவில்லை. ஈகையில் தாராளம், சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதில் மட்டும் கடுஞ்சிக்கனம். அண்ணன் மகளின் காதணி விழாவில் முதல் மாலை யாருக்கு என்றெழுந்த பூசலில், மதினியாரின் தமையனார் தேவதானப்பட்டிக்குத் திரும்பியவர், பின்னர் எங்கள் வாயிலை மிதிக்கவில்லை. பொங்கல்தோறும் பிறந்த வீட்டுச் சீர் வரும்; கொணர்பவர் பேருந்து நடத்துநராக இருப்பார். மதினியார் சாலையோரம் நின்று பெற்றுக்கொள்வார்.

இங்கிலாந்தில் பணியாற்றும் மகளைக் காணச் சென்ற அண்ணன், அங்கொரு சிற்றூரின் பழந்தேவாலயத்துள் காலணியைக் கழற்றிவிட்டு நுழைந்தார். கல்லில் வடித்த பெருநிலக்கிழார் ஒருவர் கைகூப்பிப் படுத்திருக்க, அவர் காலடியில் கல்நாய் ஒன்று கிடந்தது. வைரவர் என்றெண்ணி அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது கல்லறை என்று மகள் விளக்கியதும் பதறினார்.

“ஏன் ஆத்தா, எழவு வீட்டுக்கா கூட்டியாந்த? வா, போயித் தல முழுகணும்.”

அக்குளிரில் முழுகியும் விட்டார். காய்ச்சல் கண்டது. ஆயினும் அங்கே சுவரில் கண்ட கேடயம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதன் ஒரு பாதியில் கணவன் குடிச் சின்னமான அரிமா; மறுபாதியில் மனைவி பிறந்த குடியின் பறவைகள். கணவன் கல்லறையில் பெண் வீட்டார்க்குச் சரிபாதியா என்று படுக்கையிலிருந்தே மகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

ஊர் திரும்பியதும் தோட்டத்தில் அக்கேடய வடிவிலேயே நினைவுக் கல் நாட்டி, இடப்பாதியில் திராட்சையைச் செதுக்குவித்தார். வலப்பாதி வெறுமையாக நின்றது.

“ஏலே, தேவதானப்பட்டி போயி, அவுகளுக்கு என்ன சின்னம் வேணும்னு கேட்டுட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லாத.”

சென்றேன். கேடயங்களின் இலக்கணம் முழுவதையும் தமையனார்க்கு விரித்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டு, அண்ணன் பாதியில் என்ன இருக்கிறது என்றார். திராட்சை என்றேன்.

“அப்ப எங்க பாதியில ஒரு நரியப் போடச் சொல்லுங்க மாப்ள. எட்டலைன்னா புளிக்கும்னுட்டு நாங்க போயிக்கிறோம்.”

தூதுவன் சொல்லை மாற்றலாகாது, அவ்வாறே உரைத்தேன். அண்ணன் விலா நோகச் சிரித்து, மறுநாளே நரியைச் செதுக்கச் சொன்னார். மதினியார் அன்று அடுப்பு மூட்டவில்லை.

செய்தி பரவியது. தமையனார் சீற்றத்தோடு ஜீப்பில் வந்திறங்கி, எவரையும் பாராமல் கல்லின்முன் போய் நின்றார்.

“இது நரியா? நாய்க்குட்டி மாதிரி இருக்கு. எங்க வீட்டு நரிக்கு வாலு இம்புட்டுத்தானா?”

“இங்கன நின்னு நீங்களே சொல்லிச் செய்யுங்க மச்சான்,” என்றார் அண்ணன்.

வால் புசுபுசுவென்று அமையப் பொழுது சாய்ந்துவிட்டது. மதினியார் இருவர்க்கும் இலை போட்டார். உண்டபின் தமையனார், குழம்பில் உப்புக் குறைவு என்றார். மதினியார் முகம் அவ்வளவு மலர்ந்து நான் கண்டதில்லை.

அண்ணனின் இறுதி நாள்களில் தேனி மருத்துவமனையில் உடனிருந்தவரும் தமையனாரே. காதணி விழாப் பூசலை இருவரும் அங்கே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். செவிலியர் வந்து அடக்க வேண்டியிருந்தது.

மருத்துவம் புரிந்தோர்க்கும், பாடைக்குத் தோள் தந்தோர்க்கும், வந்திருந்து ஆறுதல் மொழிந்த அனைவர்க்கும் எங்கள் நன்றி உரியது. தமையனார்க்கும் நன்றி எழுத முற்பட்டேன். அவர் தடுத்துவிட்டார்.

“நம்ம வீட்டுக் காரியத்துக்கு எனக்கெதுக்கு மாப்ள நன்றி? வந்தவுகளுக்குச் சொல்லுங்க. அதுல என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க.”

அவ்வாறே, அவரும் யாமும் ஒருங்கே உங்களை வணங்குகிறோம்.